சீம்லெஸா, வெல்டடா? ஸ்டெயின்லெஸ் பைப் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் கொள்முதல் பட்டியலைக் கொண்டுவந்து, "ஒருமுறை பார்த்துடுங்க சார்" என்றான். ஒரு வரியில் "4 இன்ச், ஷெட்யூல் 10எஸ், ஏ312 டிபி304எல்" என்று இருந்தது. அதாவது அளவு, சுவர்க்கனம், தரநிலை, உலோகக் கிரேடு. "சீம்லெஸா, வெல்டடா?" என்று கேட்டேன். வெல்டே இல்லாமல் செய்ததா, தகட்டை வளைத்து வெல்ட் செய்ததா என்று. "ஏ312 சார்" என்றான். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. அவன்மேல் இல்லை, பல வருடங்களுக்கு முன்னால் இதே வரியை இதே மாதிரி எழுதிய என்மேல்தான்.

அளவு மாறிப்போவது, கிரேடு மாறிப்போவது போன்றவற்றை யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏ312 என்றாலே சீம்லெஸ் என்று நினைப்பது

ஸ்டெயின்லெஸ் பைப்புக்கான ஏஎஸ்டிஎம் ஏ312 தரநிலைக்குள் சீம்லெஸும் உண்டு, நீளவாக்கில் வெல்ட் செய்த பைப்பும் உண்டு. எது வேண்டும் என்று எழுதாவிட்டால், சப்ளையர் கையில் இருப்பதில் விலை குறைந்ததை அனுப்புவார். பெரும்பாலும் அது வெல்டட்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது, கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறார்.

என் கதைக்கு வருகிறேன். 45 பார் அழுத்தத்தில் ஓடும் ஒரு லைன். வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. ஆலைக் குழாய்களுக்கான பி31.3 விதிப்படி சுவர்க்கனம் கணக்கிட்டேன். அந்தச் சூத்திரத்தில் உலோகத்தின் அனுமதித் தகைவை (அது தாங்கலாம் என்று விதி விடும் இழுவை) ஒரு தரக் காரணியால் (வெல்டை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) பெருக்க வேண்டும். சீம்லெஸுக்கு அது 1.00. ஏ312-இல் ஒற்றை வெல்ட் போட்ட பைப்புக்கு 0.80. நான் போட்டது 1.00. வெளிவிட்டம் 114.3 மிமீ, 304எல்-க்கு அனுமதித் தகைவு 115 எம்பிஏ. தேவையான கனம் 2.20 மிமீ வந்தது. ஆலையில் 12.5 சதவீதம் வரை மெலிய விடுவார்கள் என்பதால் அதையும் சேர்த்தால் 2.52. ஷெட்யூல் 10எஸ் பைப் 3.05 மிமீ இருக்கும். தாராளம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வந்து இறங்கியது வெல்டட். அதே கணக்கை 0.80 வைத்துப் போட்டால் 3.13 மிமீ வேண்டும். கையில் இருப்பதோ 3.05. குறைவது 0.08 மிமீ, ஒரு தலைமுடிக் கனம்!

பைப் வந்த அன்று நானே போய் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். வெல்ட் தையல் தட்டுப்படவில்லை. சரி, சீம்லெஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். உள்பக்க வெல்டை உருட்டித் தட்டையாக்கி, ஆனீல் செய்து (நன்கு சூடாக்கிக் குளிர்வித்து), ஆசிடில் கழுவி அனுப்பினால் விரலுக்குத் தெரியாது என்பது அப்போது தெரியாது. பைப்பின் மேலேயே அச்சடித்திருந்தது: சீம்லெஸ் என்றால் எஸ்எம்எல், வெல்டட் என்றால் டபிள்யூஎல்டி. அந்த எழுத்து தரையைப் பார்த்துக் கிடந்தது. நான் புரட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை. சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. கசியவும் செய்யாது, இந்தக் குறை அந்தச் சோதனையில் வெளிப்படும் ரகம் இல்லை. இன்சுலேஷன் பாதி முடிந்த நிலையில், ஆவணம் பார்க்க வந்த ஆய்வாளர் பைப் ஆலை தந்த மில் சர்டிபிகேட்டில் விரலை வைத்து, "கணக்கில் 1.00 போட்டிருக்கிறீர்களே?" என்றார்.

விதியில் ஒரு வழி இருந்தது. நீளவாக்கு வெல்டை ஸ்பாட் ரேடியோகிராஃபி செய்து (அங்கங்கே கதிர்ப்படம் எடுத்து) தேறினால் காரணி 0.90 ஆகும், தேவை 2.79 மிமீக்கு இறங்கும். அதற்காகப் போர்த்திய இன்சுலேஷனை உரித்து, ஆளில்லாத ராத்திரிகளில் படம் எடுத்தோம். இரண்டு ஸ்பூல் (முன்பே சேர்த்து வைத்த குழாய்த் துண்டு) தேறவில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டோம். இதில் இன்னொரு கடுப்பு: 304/304எல் என்று இரட்டைச் சான்று (இரண்டு கிரேடுக்கும் தேறிய பைப்) கேட்டிருந்தால் அனுமதித் தகைவு 138 ஆகியிருக்கும், அதே வெல்டட் பைப்பே போதுமானதாக இருந்திருக்கும்.

சூடுபட்டபின் எல்லாவற்றுக்கும் சீம்லெஸ் கேட்பது

இதையும் செய்தேன். குளிர்நீர் லைனுக்குக்கூட சீம்லெஸ் எழுதி, விலையும் கூடி, மாதக்கணக்கில் காத்திருந்தோம். வந்த பைப்பில் சுவர் ஒரு பக்கம் தடிப்பு, எதிர்ப்பக்கம் மெலிவு. சூடான உருளையைத் துளைத்துச் செய்வதால் துளை நடுவிலிருந்து கொஞ்சம் விலகத்தான் செய்யும். இரண்டு பைப்பை முட்ட வைத்தால் உள்விளிம்பு பொருந்தாமல் வெல்டர் திட்டினார். தகட்டை வளைத்துச் செய்யும் வெல்டட் பைப்பில் கனம் சுற்றிலும் சீராக இருக்கும்.

பெரிய விட்டத்தில் சீம்லெஸ் தேடி அலைவது பெரும்பாலும் வீண். அங்கே ஏ358 என்ற வெல்டட் பைப் தரநிலை இருக்கிறது. அதில் முதல் வகுப்பு என்றால் இரு பக்கமும் வெல்ட், முழு ரேடியோகிராஃபி, காரணி 1.00. ஆக, வெல்டட் என்றாலே 0.80 என்பதும் தப்பு. சிறிய விட்டம், கடும் அழுத்தம், அடிக்கடி ஏறி இறங்கும் சுமை, வெல்டைத் தேடிப்போய் அரிக்கும் திரவம் என்று இருந்தால் சீம்லெஸுக்குப் பணம் கொடுக்கலாம்.

ஆனீலிங்கைப் பற்றிக் கேட்காமல் விடுவது

ஏ312-இல் 304, 316 போன்ற கிரேடுகளைக் குறைந்தது 1040 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்விக்க வேண்டும். ஏ778 தரநிலைப் பைப் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் ஆனீல் செய்யாதது. வெல்டுக்குப் பக்கத்தில் 425 முதல் 815 டிகிரி வரை சூடேறிய பகுதியில், கார்பன் அதிகமுள்ள கிரேடு என்றால், குரோமியம் கார்பைடாக ஒதுங்கிவிடும். அரிப்பு அங்கேதான் தொடங்கும். ஏ554 இன்னும் மோசமான பொறி. அது கைப்பிடி, சட்டகம் போன்றவற்றுக்காகச் செய்த டியூப், அழுத்த லைனுக்கு இல்லை.

பைப்பையும் டியூபையும் குழப்புவது

2 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மிமீ. 2 இன்ச் டியூபுக்கு 50.8.

தையல்மேல் கிளைக்குத் துளை போடுவது

போடாதீர்கள்.

சாஃப்ட்வேர் வைத்திருக்கும் எண்ணை அப்படியே விடுவது

அந்தப் பையனிடம் கடைசியாக, "கணக்கில் தரக் காரணி என்ன போட்டாய்?" என்று கேட்டேன். "நான் எதுவும் போடலை சார், அதுவே 1.00-னு இருந்துச்சு" என்றான். பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.