ஹை-ரெஸ் பாட்டு கட் ஆகி கட் ஆகி வருதா? நெட் பிளானை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஹை-ரெஸ், அதாவது சிடியை விட நுணுக்கமா பதிவான 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் ஒண்ணு போடுறீங்க, ரெண்டு நிமிஷம் அருமையா ஓடுது, திடீர்னு ஒரு செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் மறுபடி வருது. ஆலாபனை நடுவுல இப்படி ஆச்சுன்னா அதுக்கப்புறம் கேக்கவே மனசு வராது. இதுக்கு பெரும்பாலானவங்க முதல்ல பண்றது கஸ்டமர் கேருக்கு போன் போட்டு 100 எம்பிபிஎஸ் பிளானை 300க்கு ஏத்துறதுதான், மாசாமாசம் காசு கூடுதலா போகும், பாட்டு மட்டும் அதே இடத்துல அதே மாதிரி திக்கும்.

கணக்கு போட்டு பாருங்க. சிடி தரம்னா கம்ப்ரஸ் பண்ணாமலே 1.4 எம்பிபிஎஸ் தான். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸுக்கு (24/96) 4.6, 24/192க்கு 9.2, டிஎஸ்டி64ங்கிற இன்னொரு ஹை-ரெஸ் வகைக்கு 5.6. தரம் குறையாம சுருக்குற ஃப்ளாக் ஃபைலா வந்தா இன்னும் நல்லாவே குறையும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும்னு சொல்லுது. அப்போ படம் திக்காம ஓடுற வீட்ல பாட்டு ஏன் திக்குதுன்னா, படம் பாக்குறப்போ லைன் கொஞ்சம் தடுமாறினா ஆப் தானா குவாலிட்டியை இறக்கிக்கும், நமக்கு தெரியவே தெரியாது, ஆனா நம்ம நாஸ்ல (வீட்டு நெட்வொர்க்ல மாட்டுற ஹார்ட் டிஸ்க் பெட்டி) இருக்குற ஃபைலுக்கு இறக்கிக்க இன்னொரு குவாலிட்டி கிடையாது, அது முழுசா நேரத்துக்கு வந்தே ஆகணும். பஃபரை, அதாவது ஓடப்போற பாட்டை முன்கூட்டியே சேத்து வைக்கிற இடத்தை, மாடியில இருக்குற தண்ணி டேங்க்னு வச்சுக்கோங்க, மோட்டார் எவ்ளோ வேகமா ஏத்துதுங்கிறதை விட டேங்க் காலியாகுறதுக்குள்ள மறுபடி ஏத்துதாங்கிறதுதான் முக்கியம். சில ஸ்ட்ரீமர்ல (நெட்வொர்க்ல இருந்து பாட்டை எடுத்து ஓட்டுற பெட்டி) அந்த பஃபர் ரொம்ப சின்னது, வைஃபை ஒரு ரெண்டு செகண்ட் மூச்சு முட்டினாலே காலி. இன்னொண்ணு, பாட்டு வீட்டு நாஸ்ல இருந்து ஸ்ட்ரீமருக்கு போகுதுன்னா இன்டர்நெட் அந்தப் பாதையிலயே இல்ல, அதனால ஸ்பீட் டெஸ்ட் போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுக்குறதுல எந்த பிரயோஜனமும் கிடையாது.

அடுத்த பெரிய தவறு, எங்க பிரச்சனைன்னு பிரிச்சு பாக்காம எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துறது. ரௌட்டர் மாத்தி, கேபிள் மாத்தி, செட்டிங்ஸ் நாலு மாத்தினா சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, ஒரு மாசம் கழிச்சு திரும்ப வந்தா மறுபடி முதல்ல இருந்து. ஒண்ணு ஒண்ணா போங்க. கட் ஆகுற அதே ஃபைலை பென் டிரைவ்ல போட்டு ஸ்ட்ரீமர்ல நேரா சொருகி ஓட்டுங்க. அப்பவும் கட் ஆச்சுன்னா நெட்வொர்க் மேல பழி போடாதீங்க, டாக் (டிஜிட்டல் பாட்டை சத்தத்துக்கான சிக்னலா மாத்துற கருவி), யூஎஸ்பி கேபிள், பவர் அடாப்டர் இதுல தான் ஏதோ இருக்கு. பென் டிரைவ்ல நல்லா ஓடுச்சுன்னா, ஹால் குறுக்க கிடந்தாலும் பரவாயில்லன்னு ஒரு நீளமான லேன் கேபிளை ஸ்ட்ரீமர்ல இருந்து ரௌட்டருக்கு இழுத்து ஒரு சாயங்காலம் கேளுங்க. கேபிள்ல சுத்தமா ஓடுச்சுன்னா வைஃபை தான் காரணம். காதையும் நம்புங்க, டிக் டிக்னு சின்ன சத்தம் வந்தா பெரும்பாலும் யூஎஸ்பி இல்ல டாக் பக்கம், ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் முழு அமைதின்னா பெரும்பாலும் டேட்டா வந்து சேரல.

வைஃபைன்னு முடிவாச்சுன்னா அங்கதான் நிறைய வேலை இருக்கு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரமா போகும், ஆனா பக்கத்து ஃபிளாட், மேல் ஃபிளாட், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அதே அலைவரிசையிலதான் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11 மட்டும்தான், காலியா இருக்கேன்னு 3ஓ 4ஓ போட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் இடி வாங்குவீங்க. ஸ்பீடு வரும்னு 2.4ல 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைக்கிறதும் அதே கதைதான், 20லயே விடுங்க. சரி 5 ஜிகாஹெர்ட்ஸ் போயிடலாம்னா, பழைய வீட்டோட 9 இன்ச் செங்கல் சுவர் ரெண்டு தாண்டினாலே சிக்னல் விழுந்துடும், அதுவும் ஃபைபர் பெட்டியை வாசல் பக்கம் மூலையில மாட்டிட்டு போயிருப்பாங்க, ஸ்ட்ரீமர் கடைசி ரூம்ல டிவி கேபினெட்டுக்குள்ள இருக்கும், எப்படி எட்டும்? 5 ஜிகாஹெர்ட்ஸ்ல 52ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனல் பல நாடுகள்ல ரேடாரோட பங்கு போட்டுக்குறது, டிஎஃப்எஸ்னு சொல்லுவாங்க, ரேடார் மாதிரி ஏதாவது ரௌட்டர் காதுல விழுந்தா உடனே அந்த சேனலை விட்டு ஓடிடணும்னு விதி. பல மணி நேரம் நல்லா ஓடிட்டு திடீர்னு எல்லா டிவைஸும் ஒரே நேரத்துல கட் ஆகி திரும்ப வருதுன்னா இதை சந்தேகப்படுங்க, 36ல இருந்து 48க்குள்ள ஒரு சேனலை நிரந்தரமா போட்டுடுங்க.

தூரத்துக்கு ரிப்பீட்டர் வாங்கி வைக்கிறாங்க பாருங்க, அதுவும் ஒரே ரேடியோ உள்ள மலிவான ரிப்பீட்டர், அது வாங்குறதும் கொடுக்குறதும் ஒரே சேனல்ல, அதனால வேகம் பாதிக்கு விழும், தாமதமும் கூடும். நாலு பார் சிக்னல் காட்டும், பாட்டு மட்டும் நிக்கும். அதுக்கு பதிலா ஒரு லேன் கேபிள் இழுத்து ரூம்ல அக்சஸ் பாயின்ட் (கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா பரப்புற பெட்டி) வைங்க, இல்ல ஸ்ட்ரீமரையே கேபிள்ல போடுங்க. என்னைக் கேட்டா நகராத எந்த சாதனத்துக்கும் வைஃபை வேண்டவே வேண்டாம். சுவர் பிளக் வழியா நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர் நல்ல யோசனை மாதிரி தெரியும், ஆனா த்ரீ ஃபேஸ் வீட்ல ரெண்டு ரூமும் வேற வேற ஃபேஸ்ல இருந்தா சரியா வராது.

கேபிள்னு சொன்ன உடனே ஆயிரக்கணக்குல விலை போட்ட ஆடியோ லேன் கேபிள் தேடாதீங்க. கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் ஜிகாபிட் போகும், நமக்கு வேண்டியது அதுல நூறுல ஒரு பங்கு கூட இல்ல. முனை சரியா கிரிம்ப் பண்ணியிருக்கான்னு மட்டும் பாருங்க, லூஸான முனைதான் பாட்டை நிறுத்தும்.

ராஸ்ப்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் வச்சு ஸ்ட்ரீமர் பண்றவங்களுக்கு தனியா சொல்லணும். மொபைல் சார்ஜர் போட்டு ஓட்டாதீங்க, வோல்டேஜ் குறைஞ்சா மானிட்டர்ல மின்னல் குறி காட்டும், ஆனா ஸ்ட்ரீமருக்கு யாரும் மானிட்டர் மாட்டுறதில்ல, அதனால தெரியாமலே போயிடும். பை 3 வரைக்கும் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2 பாதையிலதான் ஓடுது, அதுல யூஎஸ்பி டாக்கும் சேர்ந்தா நெரிசல், பை 4ல தான் ஈதர்நெட்டுக்கு தனி வழி வந்துச்சு. வைஃபைலதான் ஓட்டணும்னா பவர் சேவ் ஆஃப் பண்ணிடுங்க. இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கும் அதோட கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், இன்டெல் 2012லயே இதைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க, அதனால ரௌட்டர் மேலயே டிஸ்கை வைக்காதீங்க, ஒரு முழம் தள்ளி வைங்க.

போன்ல இருந்து ஹெட்போனுக்கு ப்ளூடூத்ல கேக்குறவங்க வீட்டு நெட்டை திட்டுறதையும் பாத்திருக்கேன். எல்டாக் கோடெக்ல (ப்ளூடூத்ல பாட்டை சுருக்கி அனுப்புற ஒரு முறை) 990 கேபிபிஎஸ்னு கட்டாயப்படுத்தி வச்சிருந்தா போனை பாக்கெட்ல போட்டு நடந்தாலே கட் ஆகும், 660க்கு இறக்குங்க, இல்ல ஆட்டோல விடுங்க. 990லயும் அது முழு ஹை-ரெஸ் கிடையாது, சிடியோட 1,411 கேபிபிஎஸ்ஸை விடவே கம்மி, சுருக்கித்தான் அனுப்புது, அதனால 660ல கேக்குறோமேன்னு வருத்தப்படாதீங்க, நிக்காம ஓடுற பாட்டுதான் நல்ல பாட்டு.

முதல் பாட்டு மட்டும் ஆரம்பிக்க பத்து செகண்ட் ஆகுது, அப்புறம் நல்லா இருக்குன்னா அது நெட்வொர்க்கே இல்ல, நாஸ்ல ஹார்ட் டிஸ்க் தூங்கி எழுந்திருக்குது, ஸ்லீப் நேரத்தை கூட்டி வைங்க. ரூன் மாதிரி பாட்டு ஓட்டுற சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் டிஎஸ்டி64ஐ விட நாலு மடங்கு பெரிய டிஎஸ்டி256க்கு ஏத்தி (அப்சாம்ப்ளிங்) கேக்குறீங்கன்னா சர்வரோட சிபியு திணறுதான்னு பாருங்க, அந்த அப்சாம்ப்ளிங்கை ஆஃப் பண்ணி ஒரு தடவை கேட்டாலே தெரிஞ்சிடும். ஆப்பிள் மியூசிக் மாதிரி வெளியில இருந்து வர்ற பாட்டு மட்டும் ராத்திரி ஒன்பது மணி பக்கம் திக்கி, நாஸ் பாட்டு அதே நேரத்துல சுத்தமா ஓடுதுன்னா, வீட்ல யாரோட போனாவது அன்னைக்கு எடுத்த வீடியோ எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திட்டு இருக்கான்னு பாருங்க. அப்லோட் நிரம்பினா டவுன்லோடும் சேர்ந்து தள்ளாடும். பிளானை ஏத்த வேண்டியதில்ல, பேக்கப்பை ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தள்ளுங்க, இல்ல ரௌட்டர்ல எஸ்க்யூஎம் (லைன்ல நெரிசல் ஆகாம டேட்டாவை வரிசைப்படுத்துற வசதி) இருந்தா ஆன் பண்ணி லைனோட நிஜ வேகத்தை விட கொஞ்சம் கம்மியா நம்பர் குடுங்க, அப்லோட் ஓடினாலும் பாட்டு நிக்காது.