மிதவாதிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மிதவாதிகள் மனுப் போட்டுக் கெஞ்சினார்கள், திலகர் வந்த பிறகுதான் போராட்டமே தொடங்கியது." பரீட்சைத்தாளிலும் மேடையிலும் இதே வரிதான். மிதவாதிகள் என்று அழைக்கப்படும், சட்டவழியில் கோரிக்கை வைத்த ஆரம்பகாலத் தேசியவாதிகளுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

மனு என்றாலே கெஞ்சல் என்று நினைக்காதீர்கள். கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்யும் கொடுமையை மனு மூலம்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனது; அங்கிருந்து டான்பி செய்மோர் என்ற உறுப்பினர் நேரில் வந்து பார்த்தார், விசாரணை ஆணையம் அமைந்தது, சித்திரவதை உண்மைதான் என்று 1855இல் அந்த ஆணையமே எழுதியது. ஓட்டுரிமையே இல்லாத காலத்தில் சாதித்தது இது.

அடுத்தது, எல்லாவற்றையும் காங்கிரஸ் பிறந்த 1885இலிருந்து தொடங்குவது. ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரி ஹியூம் வந்து காங்கிரசைக் கையில் கொடுத்ததுபோல எழுதுகிறார்கள். புனா சார்வஜனிக் சபை 1870இலும், கல்கத்தாவின் இந்தியன் அசோசியேஷன் 1876இலும், சென்னை மகாஜன சபை 1884இலும் தொடங்கிவிட்டன. ஹியூமின் பங்கு பெரிதுதான், ஆனால் ஆட்களும் கோரிக்கைகளும் ஏற்கெனவே தயார்.

காங்கிரஸ் வெறும் 'வக்கீல்களின் கூட்டம்' என்பதும் பாதி உண்மைதான். 1887 சென்னை மாநாட்டுக்காக வீரராகவாச்சாரியார் தமிழில் கேள்வி பதிலாக எழுதிய காங்கிரஸ் விளக்கப் புத்தகம் ஆயிரக்கணக்கில் மக்களிடம் போனது, ஓரணா தந்த சாதாரண ஆட்களிடமிருந்தும் நிதி சேர்ந்தது.

அதற்காக ஒரேயடியாகத் தூக்கி வைப்பதும் தப்பு. எல்லோருக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை, சமூகச் சீர்திருத்தத்தைக் காங்கிரஸ் மேடைக்கு வெளியே வைத்தார்கள். சட்டசபைகளை விரிவாக்கிய 1892 இந்தியக் கவுன்சில்கள் சட்டம் தேர்தலைக் கொண்டுவந்தது என்றும் எழுதாதீர்கள்: மற்ற அமைப்புகள் பரிந்துரைத்த பெயர்களை அரசு நியமித்தது, அவ்வளவுதான். உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், கேள்வி கேட்கலாம், அதன்மேல் வாக்களிக்க முடியாது.

அப்புறம், மிதவாதி, தீவிரவாதி (திலகரைப் போலத் தீவிரமாகப் போராடச் சொன்னவர்) என்ற முத்திரையை 1885க்கே இழுத்துப் போவது. காங்கிரசின் முதல் மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், சுதேசமித்திரன் பத்திரிகையில் எழுதியதற்காக 1908இல் கைதானார். மிதவாதிகளின் மூத்த தலைவர் தாதாபாய் நௌரோஜியோ 1906 கல்கத்தா மாநாட்டில், தலைவராக நின்று, சுயராஜ்யம்தான் இலக்கு என்றார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?