வேதப்புத்தகத்தில் படம் சேர்ப்பது எப்படி

ஸ்கெட்ச் பேனாவை முதலில் தூரப் போடுங்கள். வேதாகமத் தாளில் இந்தப் பக்கம் பச்சை அடித்தால் அந்தப் பக்கத்துச் சங்கீதமும் பச்சையாகிவிடும்.

பாளையங்கோட்டையில் முப்பது வருடமாகப் பைண்டிங் வேலை பார்க்கிறேன். பழைய வேதப்புத்தகத்தைத் தைக்கக் கொண்டுவரும் சண்டே ஸ்கூல் டீச்சர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இவ்ளோ பெரிய புக்குல ஒரு படங்கூட இல்லையே, ஏன்?"

முன்பு இருந்தது. லூத்தர் 1534-இல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் நூற்றுக்கும் மேல் மரச்செதுக்குப் படங்கள். பிரான்சில் 1866-இல் வெளிவந்த வேதாகமத்துக்கு ஓவியர் குஸ்தாவ் தோரே இருநூறுக்கும் மேல் வரைந்தார். ஆனால் அதெல்லாம் மேஜையில் விரித்து வைத்துப் பார்க்கிற புத்தகம். 1804-இல் லண்டனில் தொடங்கிய வேதாகமச் சங்கத்தின் நோக்கம் வேறு. ஏழையும் வாங்கும் விலை, எல்லாச் சபைக்கும் பொதுவான புத்தகம். அதனால் குறிப்போ விளக்கமோ சேர்க்காமல் வேத வசனத்தை மட்டும் அச்சிடுவது என்று விதி வைத்தார்கள். படமும் ஒரு விளக்கம்தானே? ஆதியாகமத்தில் 'கனி' என்றுதான் இருக்கிறது. ஓவியர்கள்தான் அதை ஆப்பிள் ஆக்கினார்கள்.

இன்னொரு காரணம் என் தொழில் சம்பந்தப்பட்டது. அறுபத்தாறு புத்தகத்தையும் கையில் பிடிக்கிற ஒரே புத்தகமாக்க வேண்டுமென்றால் தாள் வெங்காயத் தோல் மாதிரிதான் இருக்கும். அதில் கறுப்பு அப்பிய படத்தை அடித்தால் பின்பக்கம் தெரியும். தனித் தாளில் அடித்துச் செருகினால் கூலி ஏறும். பவுலின் பயண வரைபடங்களைப் பல பதிப்புகளில் கடைசியில் தடித்த தாளில் ஒதுக்கி வைத்திருப்பது இதனால்தான்.

சரி, நாமே சேர்ப்போம். தோரே 1883-இல் இறந்துவிட்டார்; அவர் படங்களுக்கு இப்போது காப்புரிமை கிடையாது. இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. அவர்கள் வந்து சேர்ந்ததும் ஒரு வீட்டுக்கு, மாட்டுக்கொட்டகைக்கு அல்ல. தப்பான படம் போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகள் கேட்டால் பதில் வைத்திருங்கள்.

பன்னிரண்டு படம் போதும். ஒருமுறை கல்யாணப் பரிசுக்கு வந்த புத்தகத்தில் ஆசைப்பட்டு நாற்பது படம் ஒட்டினேன். ஒரு படத் தாள் இரண்டு மூன்று வேதத் தாளின் கனம். முதுகு வீங்கி, அட்டை வாயைப் பிளந்துவிட்டது. புதுப் புத்தகம் என் கைக்காசில் வாங்கிக் கொடுத்தேன்.

எழுபது ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ4 தாளில், ஒரு தாளுக்கு ஒரு படம், நெட்டுவாக்கில் அச்செடுங்கள். சிக்கனம் பார்த்து ஒரே தாளில் இரண்டு படம் அடித்து நடுவில் வெட்டாதீர்கள். தாளுக்கு நார் ஓட்டம் உண்டு; ஏ4-இல் பெரும்பாலும் அது நீளவாக்கில் ஓடும். பாதியாக வெட்டினால் குறுக்கே திரும்பிவிடும், படம் முறுக்கிக்கொண்டு நிற்கும், பக்கம் படியாது. சந்தேகமென்றால் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் சுலபமாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளவாக்குதான் நார். அது புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும்.

வேதப் பக்கத்தைவிட எல்லாப் பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். பசைக்கு மைதாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் போதும். நான் பூச்சிக்காகக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவேன். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். படத்தில் புத்தக முதுகை ஒட்டி வரும் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் மட்டும் பசை விட வேண்டும். பழைய காகிதத்தால் மற்ற இடத்தை மூடி வைத்துத் தடவினால் கோடு போட்டது போல வரும். முழுதும் தடவினால் வேதத் தாள் அப்பளமாகச் சுருங்கும். பசையை விரலில் தொட்டால் ஈரமே தெரியக் கூடாது, ஒட்ட மட்டும் வேண்டும்.

ஆதியாகமத்தில் நாலு, சுவிசேஷத்தில் ஆறு என்று குவிக்காமல் பரப்பி ஒட்டுங்கள். ஒரு தையல் மடிப்புக்கு, அதாவது சேர்த்து மடித்துத் தைத்த ஒரு தாள்கட்டுக்கு, ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, மூடி, மேலே நாலு செங்கல்லைத் துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த நாள் காலையில் திறக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் செய்கிறீர்கள் என்றால் இரண்டு நாள் விடுங்கள்.