தேர்வு நேரப் படபடப்புக்கு மழைச்சத்தம்

மாதிரித் தேர்வுக்கு முன் வகுப்பே பதற்றமாக இருக்கிறதா? மைநாய்ஸ் என்ற இணையதளத்தில் மழை, கடலலை ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்போன் பிரவுசரே போதும். யூடியூப் வேண்டாம் என்பேன், நடுவில் விளம்பரம் அலறும்.

ஒலியை மெதுவாக வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். மூன்று நிமிடம் செய்தால் போதும். கண்ணை மூடக் கூச்சப்படும் பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். மேசையைப் பார்த்துக்கொண்டே செய்யட்டும்.

விடைத்தாள் திருத்திக் களைத்த ஆசிரியர்களுக்கும் இதே பயிற்சி, இயர்போனில்.

தூக்கமே போய்விட்டது என்றால் மழைச்சத்தம் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.