ஒரே சீட்டில் இரண்டு முடிவுகள்: திருகோணமலை வாக்காளர் கட்சியையும் வேட்பாளரையும் தெரிவு செய்வது எப்படி?

பாராளுமன்றத் தேர்தல் நெருங்கும்போது எங்கள் மாவட்டத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது "உங்கட ஆளின் இலக்கம் என்ன?" என்பதுதான். துண்டுப்பிரசுரத்தில் முகத்தைவிட இலக்கமே பெரிதாக அச்சிடப்படுகிறது. தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் மீன் சந்தையிலும் இலக்கமே பேச்சாகிறது. ஆனால் வாக்குச்சீட்டில் நீங்கள் முதலில் இடும் புள்ளடி இலக்கத்துக்கு உரியதன்று. அது கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு உரியது. அதன் பிறகே, அந்தப் பட்டியலில் உள்ளவர்களுள் அதிகபட்சம் மூவருக்கு, அவர்களுடைய இலக்கங்களில் புள்ளடியிட்டு, விருப்பு வாக்கு அளிக்கலாம். ஒரே சீட்டில் இரண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதையும், அவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதையும் மனத்திற்கொண்டால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

அதற்கும் முன்பாக, எந்தச் சபைக்கு ஆள் அனுப்புகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஒழுங்கைக்கு வந்த பாராளுமன்ற வேட்பாளர் ஒருவர், மழைக்காலத்தில் நிரம்பி வழியும் வடிகாலைக் கட்டித் தருவதாகச் சொன்னார். அதற்காகவே அவருக்கு நான் விருப்பு வாக்கை அளித்தேன். அவர் வென்ற பின்னர், அந்த வடிகால் உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியது என்று அவரே எனக்கு விளக்கிச் சொன்னார். தவறு அவருடையது மட்டுமன்று. வடிகால், குப்பை, தெருவிளக்கு, சந்தை, உள்ளூர் வீதி, நூலகம் ஆகியன மாநகர, நகர, பிரதேச சபைகளின் வேலை. மாகாணப் பாடசாலைகளும் மாகாண வீதிகளும் மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபைக்கோ 2012 இற்குப் பிறகு தேர்தலே நடைபெறவில்லை. சட்டம், வரவுசெலவுத் திட்டம், தொல்லியல், வனம், கடற்றொழில், துறைமுகம், புல்மோட்டைக் கனிய மணல் போன்றவை மத்திய அரசின் கையில் இருப்பதால், அவற்றைப் பற்றிக் கேள்வி எழுப்பக்கூடிய இடம் பாராளுமன்றமாகும். எனவே ஒரு தாளை எடுத்து, அடுத்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் வீட்டையும் தொழிலையும் நேரடியாகத் தொடும் மூன்று விடயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்தச் சபைக்கு உரியது என்று குறியுங்கள். தேர்தல் நடக்கும் சபைக்கு உரியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வேட்பாளர்களை அளந்து பாருங்கள்.

இனிக் கட்சியைத் தெரிவு செய்வது பற்றி. இங்கு கொள்கையும் கணக்கும் ஒன்றாக வருகின்றன; பலர் கணக்கை மறந்துவிடுகிறார்கள். திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளையும் உள்ளடக்கிய எமது மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் நான்கு ஆசனங்கள் உள்ளன. செல்லுபடியான வாக்குகளில் ஐந்து வீதத்தை எட்டாத கட்சிகளும் குழுக்களும் கணக்கிலிருந்து நீக்கப்படும். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம் வழங்கப்படும். எஞ்சிய மூன்று ஆசனங்கள் விகிதாசாரப்படி பகிரப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். செல்லுபடியான வாக்குகள் 200,000. அவற்றுள் 20,000 வாக்குகள் ஐந்து வீதத்தை எட்டாத பல சிறு குழுக்களிடையே சிதறிவிட்டன. மீதி 180,000 வாக்குகளை மூன்றால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 60,000 என்ற எண் கிடைக்கும். முதற் கட்சிக்கு 80,000, இரண்டாவதற்கு 53,000, மூன்றாவதற்கு 35,000, நான்காவதற்கு 12,000 வாக்குகள் கிடைத்திருந்தால், முதற் கட்சிக்குப் போனஸ் ஆசனத்தோடு முழு எண்ணுக்கான ஓர் ஆசனமும் சேர்ந்து இரண்டாகும். மீதமுள்ள இரண்டும் எஞ்சிய வாக்குகள் அதிகமாக உள்ள இரண்டாம், மூன்றாம் கட்சிகளுக்குச் செல்லும். நான்காவது கட்சி ஐந்து வீதத்தைக் கடந்தும் வெறுங்கையோடு திரும்பும். 2024 நவம்பர் 14 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும், ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்றும், இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஒன்றுமாக நான்கு ஆசனங்களும் பிரிந்தன. அத்தேர்தலில் இம்மாவட்டத்தில் தமிழரசுக் கட்சியும் ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியும் வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒன்றாக நின்றதன் தேவையும் இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

இதிலிருந்து, வெல்லும் கட்சிக்கே வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சிறு குழுவின் கொள்கையே உங்களுடையது என்றால், ஆசனம் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டே அதற்கு வாக்களிப்பதற்கும் ஒரு பொருள் உண்டு. தெரியாமல் அளித்துவிட்டுப் பின்னர் வருந்துவதற்குத்தான் பொருள் இல்லை. ஒரு சுயேச்சைக் குழு உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து வரும்போது, ஐந்து வீதத்தை எட்டுவதற்கு உங்கள் கிராமத்துக்கு வெளியே எங்கே வாக்குகளை எதிர்பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் நேராகப் பதில் சொல்வார்கள்.

கொள்கையை அறிவதற்குத் தேர்தல் விஞ்ஞாபனத்தை வாசிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. நீங்கள் எழுதி வைத்த மூன்று விடயங்கள் தொடர்பான பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நாடு முழுவதும் போட்டியிடும் கட்சியாயின் அதே பக்கங்களைச் சிங்களப் பதிப்போடு ஒப்பிடுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைத் தேடிப் பிடிப்பது இந்த ஊரில் கடினமன்று. மாகாண சபைகளுக்கு வழிவகுத்து 1987 இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம், மாகாண சபைத் தேர்தல், காணி அதிகாரம், தொல்லியல் திணைக்களத்தின் எல்லையிடல் ஆகியன பற்றித் தமிழில் ஒரு பத்தியும் சிங்களத்தில் அரை வரியுமாக இருந்தால், எந்த வாக்குறுதி யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். தமிழ், முஸ்லிம் கட்சிகளைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஓர் ஆசனத்தோடு அல்லது ஒரு கைப்பிடி ஆசனங்களோடு இதை எப்படிச் செய்யப்போகிறீர்கள், அரசாங்கத்தோடு பேசுவீர்களா, எதிரணியில் இருப்பீர்களா, எந்த நிபந்தனையில்? இதற்கு விடை இல்லாத விஞ்ஞாபனம் விருப்பப் பட்டியலாகவே நின்றுவிடும்.

"எம்மவர் யார்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இம்மாவட்டத்தில் வழிகாட்டி எழுதுவது பாசாங்காகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டத்தில், தம் சமூகத்துக்குப் பாராளுமன்றத்தில் ஒரு குரல் வேண்டும் என்று எண்ணுவதை நான் குறையாகக் கருதவில்லை; காணிகளை இழந்தவர்களின் நினைவில் அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கண்டவுடன் தெரிவு முடிந்துவிடுவதில்லை. ஒரே சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஒரே பட்டியலில் நிற்கும்போது அது எதையும் தீர்மானிக்க உதவாது. இரண்டாவது முடிவு அங்கேதான் தொடங்குகிறது.

ஆசனங்களைவிட மூன்று பேர் கூடுதலாக நியமிக்கப்படுவதால், இங்கு ஒவ்வொரு பட்டியலிலும் ஏழு பேர் இருப்பார்கள். உங்கள் கட்சிக்கு ஓர் ஆசனம்தான் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டால், அந்த ஏழு பேரும் உண்மையில் ஒருவரோடு ஒருவரே போட்டியிடுகிறார்கள். மூன்று விருப்பு வாக்குகளையும் கட்டாயம் அளிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒருவரையே நீங்கள் மெய்யாக விரும்பினால், மற்ற இரண்டு புள்ளடிகள் அவரைப் பின்தள்ளக்கூடியவருக்குப் போய்ச் சேரலாம். "எனக்கு ஒன்று, மற்ற இரண்டையும் இன்னாருக்கும் இன்னாருக்கும் போடுங்கள்" என்று வேட்பாளர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் அவர்களுடைய வசதிக்கானவை. இருவரைச் சமமாக மதிக்கிறீர்கள் என்றால் இருவருக்கும் அளியுங்கள். நிரப்புவதற்காக மூன்றாவதைத் தேடாதீர்கள்.

அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சைக் கேட்டு அல்ல, திகதிகளை வைத்து. எமது மாவட்டத்தின் அண்மைக்கால நிகழ்வுகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தது, 2015 இல் அவர்களுடைய காணிகள் விடுவிக்கப்பட்டது, 2016 இல் சம்பூர் அனல்மின் நிலையத் திட்டம் கைவிடப்பட்டது, 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை (ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தது, 2022 ஜனவரியில் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் தொடர்பான உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒவ்வொரு திகதியிலும் இந்த வேட்பாளர் எங்கே இருந்தார், என்ன பதவியில் இருந்தார், என்ன சொன்னார், என்ன செய்தார் என்று விசாரியுங்கள். அப்போது பதவியில் இல்லாதவராயின், ஆசிரியராகவோ கூட்டுறவுச் சங்கத் தலைவராகவோ மீனவர் சங்கச் செயலாளராகவோ அவர் அந்நாட்களில் எப்படி நடந்துகொண்டார் என்று அவரோடு பழகியவர்களிடம் கேட்கலாம். தேர்தல் அறிவித்த பின்னர் தொடங்கிய சேவைக்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண்ணே கொடுப்பேன். உலர் உணவுப் பொதியோடு வருபவருக்கு அதையும் கொடுக்கமாட்டேன், வாக்குக்காகப் பொருள் கொடுப்பது தேர்தல் சட்டப்படி குற்றமாகையால்.

ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரை ஆராய்வது இன்னும் எளிது. பாராளுமன்ற இணையத்தளத்தில் சபை உரைகளின் பதிவான ஹன்சாட் அறிக்கைகள் கிடைக்கின்றன; தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகியிருக்கும். பெயரைத் தேடி, உங்கள் மூன்று விடயங்களைப் பற்றி ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை கேள்வி கேட்டார், அமைச்சர் என்ன பதில் அளித்தார், அந்தப் பதிலோடு திருப்தியடைந்து அமர்ந்துவிட்டாரா, மீண்டும் எழுப்பினாரா என்று பாருங்கள். வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நடத்தும் மந்திரி.எல்கே தளம் உறுப்பினர்களின் சபைச் செயற்பாடுகளைத் தொகுத்துத் தருகிறது. ஆயினும் அதிகம் பேசியவர் அதிகம் சாதித்தவர் என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அவர் எதைக் கொண்டுவந்தார் என்பதையும் அறிய வேண்டும். உள்ளூர்ச் செய்தியாளர்களும் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும் இதை நினைவில் வைத்திருப்பார்கள். எழுத்தில் வேண்டுமாயின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கான முடிவை அறிவிப்பதற்கே 14 வேலை நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், வேட்புமனுத் தாக்கல் நடக்கும் நாளில் தொடங்கினால் காலம் போதாமற் போகலாம். சொத்து விபரமும் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டப்படியான தேர்தல் செலவு அறிக்கையும் கையளிக்கப்பட வேண்டியவை. சென்ற முறை போட்டியிட்டவர் செலவு அறிக்கையை உரிய காலத்தில் கொடுத்தாரா என்ற சிறிய கேள்விக்கு அவர் அளிக்கும் விடையும், அதை அளிக்கும் தொனியும் அவரைப் பற்றி நிறையவே சொல்லும்.

மற்றத் தேர்தல்களில் முறை மாறுகிறது. உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு இல்லை. ஒரே புள்ளடி உங்கள் வட்டார வேட்பாளருக்கும் அவரது கட்சிக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். உறுப்பினர்களில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் கட்சிகளின் பட்டியலிலிருந்தும் வருவதால், பட்டியலில் இருப்பவர்கள் யார் என்பதையும் கேட்டறியுங்கள். அங்கு ஆளைப் பார்த்து வாக்களிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது; வீதியில் நின்று கூப்பிட்டால் வரக்கூடியவர் வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்புகளைக் குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாமல், உங்கள் முதல் தெரிவும் முதலிரண்டு இடங்களுள் வராதபோதுதான் அடுத்த விருப்பு எண்ணப்படும்; 2024 செப்டெம்பர் 21 இல் நடந்த தேர்தலில்தான் அது முதன்முறையாக எண்ணப்பட்டது. ஆகவே கொள்கைக்காக ஒருவருக்கு முதல் விருப்பை அளித்தவர், ஆட்சிக்கு வரக்கூடியவர்களுள் யார் மேல் என்பதை இரண்டாவதில் சொல்லலாம்; அதனால் முதல் விருப்புக்கு எந்தக் குறையும் நேராது.

முடிவை வாக்களிப்புக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிரசாரம் ஓய்ந்த அந்த 48 மணித்தியாலங்களில் தொலைபேசியில் சுற்றும் "இறுதிநேரச் செய்தி" எதையும், யார் விலகினார், யார் யாரை ஆதரித்தார் என்பது உட்பட, உறுதிப்படுத்தாமல் நம்பாதீர்கள். சின்னத்தையும் இலக்கத்தையும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் பழைய மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை வைத்துக் காட்டிக் கொடுங்கள், ஆனால் அவர்களுடைய முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். வாக்களிக்கும் மறைப்புக்குள் முதலில் சின்னத்துக்கு எதிரே புள்ளடி, பிறகே கீழேயுள்ள இலக்கங்கள். சின்னத்துக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்துக்கு மட்டும் இட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். மூன்றுக்கு மேற்பட்ட இலக்கங்களுக்கு இட்டால் கட்சிக்கான வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் மட்டும் வீணாகும். கை தவறிச் சீட்டைப் பழுதாக்கிவிட்டால் அதைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல், வாக்கெடுப்பு நிலையத்தின் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறொரு சீட்டைக் கேளுங்கள்.