பங்க் பேண்டிலிருந்து தனி ஆளாக எலக்ட்ரானிக் மேடைக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1977இல் நியூயார்க்கின் சூசைட் என்ற இருவர் குழு வெளியிட்ட முதல் ஆல்பத்தில் கிதாரும் இல்லை, டிரம்மரும் இல்லை. மார்ட்டின் ரெவ்வின் டிரம் மெஷினும் கீபோர்டும், ஆலன் வேகாவின் குரலும்தான். அந்தப் பாட்டுகள் இன்றும் மிரட்டுவதற்குக் காரணம் அவற்றில் இருக்கும் வெற்றிடம். பேண்டில் நாலு பேர் வாசித்ததையெல்லாம் லேப்டாப்பில் அடுக்கப் பார்ப்பதுதான் தனியாக இறங்குபவர் செய்யும் முதல் தவறு. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி), பேஸ், ஒரு இரைச்சல், குரல்: இவை போதும்.

எல்லா ஒலிகளும் கலந்து வெளியேறும் மாஸ்டர் சேனலில் டிஸ்டார்ஷனை (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் எஃபெக்டை) போடுவது இதைவிடப் பெரிய தவறு. மிக்ஸில் அதிக சக்தி கிக்கிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அது உச்சத்தில் முட்டி வெட்டுப்படும்போது குரலும் ஹை-ஹேட் சிம்பலும் கூடவே நசுங்கும். கிக்கின் கூர்மையான தொடக்கமும் மழுங்கிவிடும். சத்தம் இருக்கும், அடி இருக்காது. டிரம் சேனலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுத்தமாக விடுங்கள். இன்னொன்றில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அதன் பிறகு டிஸ்டார்ஷன், கடைசியில் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டு. சுத்தமானதைவிட 10 டெசிபல் தாழ்த்தி வைத்து மெல்ல ஏற்றுங்கள். பிறகு ஒரு சேனலின் போலாரிட்டியை, அதாவது ஒலியலையின் மேல்-கீழை, திருப்பிக் கேளுங்கள். எந்த நிலையில் அடிச்சத்தம் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இப்படி வெட்டும் ஃபில்டர்கள் ஃபேஸை (அலையின் நேர நிலையை) நகர்த்தி இரண்டு சேனல்களும் ஒன்றையொன்று அழிக்க விடலாம் என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

பங்க் வேகத்தில் கிக்கின் வாலும் (அடித்த பிறகு நீளும் ஒலியும்) சிக்கல். 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 பீட்) ஒரு பீட் 333 மில்லிசெகண்ட்தான். 400 மில்லிசெகண்ட் ஒலிக்கும் கிக் அடுத்த கிக்கின் மேல் ஏறி, கீழ்ப்பகுதி முழுக்க ஒரே முனகலாகிவிடும். 200க்குள் சுருக்குங்கள்.

கிதாரை லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மங்கும். சுமார் 1 மெகாஓம் கொண்ட இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு தேவை. பஃபரையும் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலித்துண்டு) கவனியுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், 1024 என்றால் 21. உள்ளே போக ஒரு 21, வெளியே வர இன்னொரு 21 என்று சேர்ந்து, கிதார் கையைவிட்டுப் பின்தங்கும்.

லேப்டாப் சார்ஜர் செருகியதும் ஹம் என்ற ரீங்கார இரைச்சல் வந்தால், லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே கிரவுண்ட் லிஃப்ட் (ஒலிக்கம்பியின் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது உயிருக்கே ஆபத்து. அப்புறம், பல கிளப்களில் பிஏ (அரங்கின் ஸ்பீக்கர் அமைப்பு) மோனோதான், இடது-வலது சேர்ந்து ஒன்றாகிவிடும். ஸ்டீரியோவில் அகலமாகக் கேட்ட சின்த் அங்கே காணாமல் போகலாம். வீட்டிலேயே மோனோவில் கேட்டுவிடுங்கள்.

மைக்கின் தலையைக் கையால் பொத்திக் கத்துவது பங்க் பழக்கம். பொத்தினால் கார்டியாய்ட் மைக் (முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் எடுக்கும் வகை) பின்பக்க ஒலியை ஒதுக்கும் திறனை இழந்து, மானிட்டரோடு ஊளையிடும். கீழே பிடித்து உதட்டருகே வையுங்கள்.

லேப்டாப் நின்றுபோனால் பக்கத்தில் கைகொடுக்க டிரம்மர் இல்லை. முழு செட்டையும் வேவ் கோப்பாக இன்னொரு பிளேயரில் ஏற்றி, மிக்ஸரின் தனி சேனலில் செருகி, சவுண்ட் செக்கிலேயே அதன் அளவையும் சரிபார்த்து வையுங்கள்.