டெம்பர் கண்ணாடி ஏன் அவ்ளோ கெட்டி, பாத்து வாங்குறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல மாமாவோட கண்ணாடி கடைல நான் வேலை பாக்குறேன், போன மாசம் தோட்டத்துல இருந்து ஒரு அக்கா மோட்டர்ல வந்து எறங்கி, துணில சுத்துன ஒரு டெம்பர் கண்ணாடிய (சூடாக்கி, வேகமா ஆத்தி கெட்டியாக்குனது) மேசைல வச்சாங்க. வேற எடத்துல ஆர்டர் குடுத்ததாம், சாமி அலமாரி அடில வைக்க. அளவு ஒரு இஞ்ச் பெருசா வந்துருச்சு, "தம்பி, ஓரத்துல லேசா வெட்டிக் குடேன், அஞ்சு வெள்ளி தர்றேன்"னாங்க. அக்கா, அம்பது வெள்ளி குடுத்தாலும் வெட்ட முடியாது, வெட்டுனா கல்கண்டு மாதிரி மொத்தமும் கொட்டிரும்னேன், நம்பவே இல்ல. அதே கண்ணாடிதானே, சாதாரணத்த வெட்டுறீங்கல்லனு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், வாரத்துக்கு ரெண்டு பேர் கேக்குறாங்க, அதான் எழுதிடலாம்னு.

மொதல்ல கண்ணாடி ஏன் ஒடையுதுனு பாருங்க. கண்ணாடிய அமுக்குனா நல்லா தாங்கும், இழுத்தாதான் தாங்காது. எவ்ளோ பளபளப்பா இருந்தாலும் மேல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், வளையும்போது ஒரு பக்கம் இழுபடும்ல, அந்த இழுப்பு முழுக்க கீறல் முனைல போய் குவியும், பொசுக்குனு வாய் பொளந்துரும். 1921ல கிரிஃபித்னு இங்கிலாந்து எஞ்சினியர் ஒருத்தர் இத கணக்கு போட்டே காட்டிட்டாரு. அப்ப கெட்டியாக்கணும்னா கீறல ஒழிக்க வேணாம், அது வாய் தொறக்காம அமுக்கி வச்சா போதும். டெம்பர் பண்றது இதத்தான்.

எப்படினா, கண்ணாடிய மொதல்ல அளவா வெட்டி, ஓரம் தேச்சு, ஓட்டை போட்டு, கழுவி, எல்லாம் முடிச்ச பெறகுதான் ஃபேக்டரி உலைல 620, 650 டிகிரி வரைக்கும் ஏத்துவாங்க. உருகி ஓடாது, ஆனா உள்ளுக்குள்ள எளகிருக்கும். வெளிய வந்ததும் மேலயும் கீழயும் வரிசையா குழாய் வச்சு ஒரே நேரத்துல காத்த பீச்சி அடிப்பாங்க. மேல்தோல் கொஞ்ச செகண்ட்லயே எறுகிரும், நடுவுல இன்னும் எளக்கம்தான், அதனால அந்த நேரத்துல சண்டை ஒண்ணும் கெடையாது, தோல் சுருங்குனா நடுவும் வளைஞ்சு குடுத்துரும். சண்டை அப்புறம்தான். நடுப்பகுதி மெதுவா ஆறி சுருங்கப் பாக்கும், ஆனா தோல் ஏற்கனவே கல்லாயிருச்சே, விடாது. நடு உள்ள இழுக்குது, தோல் அமுங்குது, ரெண்டும் அப்படியே மல்லுக்கட்டி நிக்குது, ஆயுசுக்கும்.

எங்க தாத்தா மாட்டு வண்டி சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுறத சொல்லுவாரு. பட்டாவ பழுக்கக் காய்ச்சி மாட்டி தண்ணி ஊத்துவாங்க, இரும்பு சுருங்கி மரத்த கிடுக்கிப்பிடி போடும், மரத்துல விரிசல் இருந்தாலும் மூடிக்கும். டெம்பர் கண்ணாடில மரம்தான் மேல்தோல், இரும்புப் பட்டாதான் நடுப்பகுதி, என்ன பட்டா வெளிய இல்லாம உள்ள இருக்கு, அவ்ளோதான்.

அந்த அமுக்கம் எவ்ளோனா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமாரா 700 கிலோ. உங்க சுண்டுவெரல் நகம் அளவு எடத்துல ஒரு பழைய கஞ்சில் கார் ஏறி நிக்கிற மாதிரி. இனி அத வளைக்கணும்னா மொதல்ல இந்த அமுக்கத்த காலி பண்ணணும், அதுக்கு மேலதான் கீறல் இழுபடவே ஆரம்பிக்கும். நாலு மடங்கு பலம் வர்றது இப்படித்தான். சூடும் அதே மாதிரிதான், சாதாரண கண்ணாடி சுமார் 40 டிகிரி வித்தியாசத்துக்கே விரிசல் விடும், இது 200 வரைக்கும் தாங்கும்.

வீட்லயே சூடு பண்ணி தண்ணில போட்டா டெம்பர் ஆகாதானு கடைக்கு வர்ற பசங்க கேப்பாங்க. தயவுசெஞ்சு வேணாம் லா. அடுப்பு சூட்டுல கண்ணாடி எளகாது, எளகாதத தண்ணில போட்டா தோல் மட்டும் சுருங்கும், நடு அசையாது, அப்ப தோல்தான் இழுபடும். அப்படியே தலைகீழ். கொதிக்கிற டீய கனமான கிளாஸ்ல ஊத்துனா டப்புனு போகுமே, அதுவும் இந்தக் கதைதான், ஊத்துற பக்கம் விரியுது, வெளிப்பக்கம் இழுபடுது.

இந்த வித்த பழசு. 1660 வாக்குல இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்து ராஜாவுக்கு கண்ணாடித் துளிகள் காட்டுனாரு, உருகுன கண்ணாடிய தண்ணில சொட்ட விட்டு செஞ்சது, தலை மேல சுத்தியல் அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, வால ஒடச்சா மொத்தமும் தூள். தண்ணி காத்த விட வேகமா ஆத்தும், அதான் அதுல அமுக்கம் நம்ம டெம்பர விட பத்து மடங்கு வரைக்கும் போகும்.

சரி, வாங்குறப்ப என்ன பாக்கணும். மூலைல டெம்பர்ட் இல்லனா டஃபன்ட்னு சின்ன முத்திரை பொறிச்சிருக்கும், எல்லாத்துலயும் இருக்கும்னு சொல்ல முடியாது. நான் நம்புறது கூலிங்கிளாஸ் சோதனை. போலரைஸ்ட் (கண்கூச்சம் கொறைக்கிற வகை) கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு, காலைலயோ சாயங்காலமோ வாங்கப்போற கண்ணாடி வழியா தெளிஞ்ச வானம் தெரியுற மாதிரி பாருங்க, தலைய சாச்சு சாச்சு பாக்கணும், நெழல் நெழலா புள்ளியோ வரியோ தெரியும். காத்து பீச்சுன தடம் அது. நிறுத்தி வச்ச காரோட பின் கண்ணாடில பாருங்க, சிறுத்தை தோல் மாதிரி இருக்கும். முன் கண்ணாடில பொதுவா அது தெரியாது, அது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டுனது, கல்லு பட்டாலும் சிலந்தி வலை மாதிரி நிக்கும், கொட்டாது.

அளவ ரெண்டு வாட்டி எடுங்க, கீல் ஓட்டை, கைப்பிடி ஓட்டை எல்லாம் ஆர்டர்லயே சொல்லிடுங்க, அப்புறம் வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. பத்து மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடினா ஒவ்வொரு பக்கமும் சுமாரா ரெண்டு மில்லிமீட்டர்தான் அமுக்கத்துல இருக்குற தோல், அத தாண்டி ஒரு விரிசல் நடுவுக்குப் போச்சுனா இழுத்துக்கிட்டு இருக்குற நடு சும்மா இருக்குமா, கண்ணிமைக்கிறதுக்குள்ள முழுசும் பொலபொலனு கொட்டிரும். நல்லவேளை கத்தி மாதிரி நீள நீளமா இல்ல, துண்டு துண்டா கொட்டும், அதுக்குத்தான் பாத்ரூம் கதவுக்கு இத போடச் சொல்றது.

நடுவுல தட்டுனா அவ்ளோ பயமில்ல, எதிரி ஓரமும் மூலையும்தான். கடைல சேந்த மொத மாசம் ஒரு கதவ சிமெண்டு தரைல மூலை படுற மாதிரி சாச்சேன். ணங்குனு ஒரு சத்தம், கைல ஒண்ணுமில்ல, சிலிப்பர் நெறைய கல்கண்டு, மாமா மூணு நாள் பேசல. அன்னைலருந்து மரக்கட்டையோ ரப்பரோ இல்லாம கீழ வைக்கிறதில்ல. இன்னொண்ணு, கெட்டினா கீறாதுனு அர்த்தமில்ல, மணல் துணியோட தொடச்சா இதுலயும் கோடு விழும்.

யாரும் தொடாமலே ராத்திரில வெடிச்சுச்சு, கண்ணுபட்டுருச்சுனு சில பேர் வருவாங்க. பழைய ஓர அடியா இருக்கலாம், இல்லனா உள்ள நிக்கல் சல்ஃபைடு துகள் மாட்டியிருக்கலாம். வேகமா ஆத்துறதுல அது சூட்டு நேரத்து வடிவத்துலயே மாட்டிக்கிட்டு, பல மாசம், வருசம் கழிச்சு மெல்ல மாறி ஊதும், அது நடுப்பகுதில இருந்தா முடிஞ்சது. உசரமான எடத்துக்கு வாங்குறீங்கனா ஹீட் சோக் பண்ணதானு கேளுங்க, 260, 290 டிகிரி கிட்ட சுட வச்சு அந்த மாதிரி கண்ணாடிய பெரும்பாலும் ஃபேக்டரிலயே வெடிக்க விட்டுருவாங்க.

அக்கா கண்ணாடிய கடைசில நாங்க தொடவே இல்ல. அலமாரிய கொண்டாரச் சொல்லி, ரெண்டு பக்கமும் பலகைல அரை இஞ்ச் ஆழத்துக்கு காடி (நீளப் பள்ளம்) எடுத்து, ரப்பர் பட்டி வச்சு உள்ள தள்ளிட்டோம். ரப்பர் பட்டிய ஈப்போல இருந்து வாங்கியாந்தோம், ஒரு காலத்துல ரப்பர் தோட்டமா இருந்த நம்ம ஊர சுத்தி இப்ப எங்க பாத்தாலும் செம்பனைதானே.